மால்பு: நெடுவரை ஏற்றமும் பாட்டின் நெறியும்



குறிஞ்சி என்றவுடன் அருவியும் முகிலும் காந்தளும் தினைப்புனமும் நினைவுக்கு வருதல் இயல்பு. பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் குறிஞ்சியை அவ்வாறே பழக்கியுள்ளன. ஆயின் சங்கப் பாட்டில் மலை என்பது கண்ணுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. அது கைக்கும் காலுக்கும் உரியது. எங்கே கை பற்றும், எங்கே அடி வழுக்கும், எதைப் பிடித்தால் உடல் தாங்கும் என்னும் அறிவு அப்பாட்டுகளின் சொற்களுக்குள் செறிந்து கிடக்கிறது. அவ்வறிவு மறைந்தபின் சொல் மட்டும் எஞ்சுமாயின் பாட்டின் பாதிப் பொருள் கைநழுவிவிடும். இதனை 'மால்பு' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

காட்டாற்று வழி

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளை உடையது. பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனை அவன்பால் ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். ஏனைய ஆற்றுப்படைகளும் வழி கூறுவனவே. எனினும் அடி வைக்கும் இடத்தை இத்துணை நுணுக்கமாகச் சொல்லும் பாட்டு வேறொன்று இல்லை எனலாம்.

அப்பாட்டில் வரும் எச்சரிக்கைகள் கவிதை அணிகள் அல்ல. உயிர் காக்கும் அறிவுரைகள். தினைப்புனக் காவலர் பரண்மீதிருந்து கவணால் எறியும் கற்கள் விசையுடன் வரும். ஆதலின் மரங்களின் மறைவிலே செல்லவேண்டும். அகழிக்குள் இறங்குவது போன்ற காட்டாற்று வழியில் வழுக்கும் இடங்கள் உண்டு. அங்கே தடித்த கொடிகள் சுற்றிய மரங்களைப் பற்றிக்கொண்டு, சிறுவர்களையும் உடன் அழைத்து, ஒருவரை ஒருவர் காத்தவாறு கடக்கவேண்டும். விழுந்தோரை மீளவிடாத ஆழ்ந்த மடுக்கள் பக்கத்திலேயே உள்ளன. நுண்ணிய பாசி படர்ந்து அடியைத் தளரச் செய்யும் அரிய வழிகளில், பின்னிக் கிடக்கும் சிறுமூங்கிலையும் எருவை என்னும் கோரையின் மெல்லிய தண்டையும் பிடியாகக் கொள்ளவேண்டும். இவையனைத்தும் 204-ஆம் அடி முதல் 224-ஆம் அடி வரையிலான இருபத்தோரு அடிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஈண்டு ஒன்று கருதற்குரியது. புலவர் பிடிகளை ஒரே வகையாகச் சொல்லவில்லை. ஆற்றின் சரிவில் மரம்; பாசிப் பாறையில் மூங்கிலும் கோரையும். வேர் ஊன்ற மண் உள்ள இடத்தில் மரம் நிற்கும். நீர் கசியும் பாறை இடுக்கில் மரம் நில்லாது, கோரையே நிற்கும். ஒரு தண்டு உடல் எடையைத் தாங்காது. ஆனால் பாசியின்மேல் நிலைகுலையும் காலுக்கு அந்தச் சிறு பற்றே போதும். இவ்வேறுபாட்டை வழி நடந்தவரே அறிவர், அல்லது நடந்தவரிடம் நெருங்கிக் கேட்டவர் அறிவர்.

வழி தவறினால் செய்யவேண்டுவதையும் அப்பாட்டு கூறுகிறது. குறவரே மயங்கும் குன்றில் அகப்பட்டுவிட்டால் மேலும் நடத்தலாகாது. அகன்ற பாறையொன்றில் எல்லோரும் சேர்ந்து இருந்து இசைக்கருவிகளை முழக்கவேண்டும். ஓசை கேட்டுக் கானவர் வந்து துணை செய்வர். கலைஞனின் கருவியே அவன் உயிரைக் காக்கும் கருவியாகவும் ஆவது இவ்விடத்தில்தான்.

வீழ்ந்த பார்ப்பும் ஏறிய மாந்தரும்

மலைபடுகடாம் என்னும் பெயர், மலையை யானையாகவும் அதனிடத்து எழும் ஓசைகளைக் கடாமாகவும் கருதியதால் வந்தது என்பர். அவ்வோசைகளை வரிசைப்படுத்தும் பகுதியில் 311 முதல் 317 வரையிலான ஏழடிகள் தனித்து நோக்கத்தக்கவை.

முதலில் ஒரு மந்தியின் அழுகை. பற்றியிருந்த கை ஒரு கணம் மறந்துபோக, அதன் இளம் பார்ப்பு அணுகுதற்கரிய மலைப்பிளப்பில் விழுந்துவிட்டது. தளிர் மேயும் தன் சுற்றத்தோடு கூடி அத்தாய் எழுப்பும் பூசல் தீராமல் ஒலிக்கிறது. அதனை அடுத்து, இடைவெளியே இன்றி, மற்றோர் ஓசை. ஆண் குரங்கும் ஏற இயலாது கைவிட்ட நெடிய வரையில், நிலையாக நாட்டிய மால்பையே வழியாகக் கொண்டு ஏறித் தேனைக் கொள்ளையாகக் கொண்ட மக்களின் ஆரவாரம் அது.

இவ்விரண்டையும் புலவர் அடுத்தடுத்து வைத்தது வாளா நிகழ்ந்ததன்று. மரமேறப் பிறந்த விலங்கின் கை தவறுகிறது. அவ்விலங்கினத்தின் வலிய ஆணும் அஞ்சி விலகிய பாறையில் மனிதன் ஏறுகிறான். அவனுக்குக் குரங்கின் கை இல்லை, மால்பு இருக்கிறது. ஆயினும் மந்தியின் அழுகையை முன்னே கேட்டுவிட்டமையால், தேன் கொண்டவரின் மகிழ்ச்சியைக் கேட்கும் செவியில் அச்சமும் கலந்தே நிற்கிறது. மறதி ஒரு கணம் நேர்ந்தால் அந்த ஆரவாரமும் பூசலாகிவிடும். புலவர் அதனை வெளிப்படக் கூறவில்லை. அடிகளின் வரிசையே கூறுகிறது.

மால்பு என்பதற்குப் பழைய உரைகள் கண்ணேணி என்று பொருள் கூறும். கண் என்பது மூங்கிலின் கணு. இரு நெடுங்கம்பும் குறுக்குப் படிகளும் கொண்ட ஏணி அன்று இது. ஒற்றை மூங்கில்; அதன் கணுக்களே படிகள். அதில் ஏறுவோன் இரு பாதங்களையும் அருகருகே வைத்து இளைப்பாற இயலாது. மாறி மாறி ஒரு கால், ஒரு கை. மூங்கில் வளையும், பாறைக்கும் மூங்கிலுக்கும் இடையே உடல் அசையும். 'ஏணி' என்று மட்டும் பொருள் கொண்டு படிப்பவர் மனத்தில் வீட்டுச் சுவரில் சாத்திய ஏணியே தோன்றும். அவருக்கு அந்த ஏழடிகளின் நடுக்கம் புலப்படாது.

உவமையில் நின்ற மால்பு

மால்பும் மலைத்தேனும் உவமையாகப் புகுந்த இடங்கள் சில உள்ளன. ஒவ்வொன்றும் அப்பொருளை அறிந்தோர்க்கே முழுமையாகத் திறக்கும்.

புறநானூற்று 105-ஆம் பாட்டில் கபிலர், விறலியைப் பாரியிடம் செல்லுமாறு கூறுகிறார். மால்பு சாத்திய நெடிய மலையின் உச்சிதோறும் வழிந்து இறங்கும் நீரைக்காட்டிலும் இனியவன் பாரி என்பது அவர் கூற்று. நீரின் இனிமையைச் சொல்ல வந்தவர் மால்பை ஏன் குறித்தார்? அம்மலையில் இருவகை இனிமை உண்டு. ஒன்று தேன், உயிரைப் பணயம் வைத்து ஏறினால்தான் கிட்டும். மற்றொன்று நீர், கேளாமலே கீழே இறங்கி வரும். பாரியின் இயல்பு இரண்டாவதைச் சார்ந்தது, அதனினும் இனியது. மால்பு நிற்பதனால்தான் ஏறவேண்டாத நீரின் அருமை விளங்குகிறது என்று கொள்ள இடமுண்டு.

குறுந்தொகை 60-ஆம் பாட்டில் பரணர் ஒரு முடவனைக் காட்டுகிறார். நெடுவரையில் தொங்கும் பெருந்தேனைக் கண்டு, கீழே அமர்ந்தவாறே கையைக் குழித்துச் சுட்டிச் சுட்டி நக்குகிறான் அவன். தலைவர் அன்பு செய்யாராயினும் அவரைப் பலகாலும் காண்பதே இனிது என்னும் தலைவியின் நெஞ்சுக்கு இது உவமை. மரக்கிளையில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் தேனடை என எண்ணினால் இப்பாட்டு வெறும் ஏக்கமாகச் சுருங்கிவிடும். நடக்க வல்லாரும் மால்பின்றி ஏற இயலாத பாறையின் அடியில் நடக்கவே இயலாதவன் இருக்கிறான் என்று உணர்ந்தால்தான் அத்தலைவியின் நிலை தெரியும்.

கலித்தொகை 39-ஆம் பாட்டில் வானத்து மதி மலையுச்சியைச் சேரும்போது, அதனைத் தேனடை என மயங்கி ஏணி அமைத்துக் காத்திருக்கும் மலைநாட்டவர் வருகின்றனர். இம்மயக்கம் மிகை போலத் தோன்றும். ஆனால் மலைத்தேனீ கட்டுவது ஒற்றை அடை. பொந்துக்குள் பல அடைகளை மறைத்துக் கட்டும் சிறு தேனீயின் வழக்கம் அதற்கில்லை. பாறையின் முன்தள்ளிய நெற்றிக்கு அடியில், திறந்த வெளியில், அரைவட்டமாகத் தொங்கும் அவ்வடை ஒரு மீட்டருக்கு மேலும் அகலும். இரவில் மலைவிளிம்பில் ஒட்டிய மதிக்கு அதனினும் பொருத்தமான உவமையைத் தேடுதல் அரிது. கற்பனை என்று ஒதுக்கப்படுவது கண்ட காட்சியாகவே முடிகிறது.

குறுந்தொகை 273-ஆம் பாட்டு, சிறைக்குடி ஆந்தையார் பாடியது. தலைவன் பிரிவான் என வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். அவன் பிரிவான் என நம்பியிருக்கும் உலகம், பெருந்தேன் உள்ள வரையில் பழைய மால்பின்மீது அறியாமல் ஏறிய பேதையைப் போல் ஏமாந்தது என்கிறாள். மால்பு பழையது என்னும் அடைமொழியிலேயே உவமையின் உயிர் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்த மூங்கில் வெளியே உறுதியாகத் தோன்றும். உள்ளே புழு அரித்திருக்கும். கண்ணால் நோக்கித் தெளிய இயலாது. எடை விழும்போதுதான் தெரியும். சென்ற ஆண்டு தாங்கியது என்பதனால் இவ்வாண்டும் தாங்கும் என நம்புவதே அப்பேதைமை. ஊரார் சொல்லை நம்பும் உலகின் இயல்புக்கு இதனினும் கூரிய உவமை அமையாது.

இன்றும் ஏறுவோர்

இவ்வறிவு ஏட்டளவில் முடிந்ததன்று. நீலகிரியில் பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் இறங்கும் காடடர்ந்த பள்ளத்தாக்குகளில், குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும் வழிவழியாகப் பாறைத்தேன் எடுத்து வருகின்றனர்.

அங்குள்ள பாறையைப் பொதுவாகக் கருங்கல் என்கிறோம். நிலநூலார் அதனைச் சார்னோக்கைட் என்பர். கல்கத்தாவில் உள்ள சோப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல், சென்னைப் பகுதியிலிருந்து சென்றது எனக் கண்டு, தாமசு ஆலந்து என்னும் நிலநூலறிஞர் 1893-இல் எழுதிய கட்டுரையிலிருந்து அப்பெயர் வந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய இக்கல் எளிதில் உதிராது. ஆதலால் ஆறு அரித்த பள்ளத்தின் இருமருங்கும் சுவர்போல் நிற்கும். தகடு தகடாகப் பெயர்ந்த இடங்களில் மேலே முன்தள்ளிய நெற்றியும் கீழே ஒதுக்கும் உண்டாகும். மழை படாத அவ்வொதுக்கையே மலைத்தேனீ தேர்கிறது. ஆண்டுதோறும் அதே பாறைக்குத் திரும்பியும் வருகிறது. ஒரே பாறையில் பல பத்து அடைகள் தொங்குதலும் உண்டு.

அடி அணுக முடிந்த பாறைக்குக் கீழிருந்து மால்பு சாத்தலாம். ஆற்றின்மேல் நேரே நிற்கும் பாறைக்கு அது இயலாது. அங்கே உச்சியில் உள்ள மரத்தில் காட்டுக்கொடியாலோ நாராலோ ஆன ஏணியைக் கட்டித் தொங்கவிட்டு மேலிருந்து இறங்குகின்றனர். பச்சிலைப் புகையால் ஈக்களை விலக்கி, அடையின் மேற்பகுதியில் சேர்ந்துள்ள தேனை மட்டும் அறுத்துக் கூடையில் இறக்குவர். சில அடைகளைத் தொடாது விடுவதும் மரபு.

இத்தொழிலில் ஏறுவோனைக்காட்டிலும் கருதத்தக்கவன், கட்டிய இடத்தில் காவல் நிற்பவன். எட்கர் தர்சுடன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலில், ஆனைமலைக் காடர் பற்றிய பகுதியில் இரு செய்திகள் உள்ளன. பிரம்பால் ஆன தொடரில் இறங்குவோன், தன் மனைவியோ மகனோ மேலே காவல் இருந்தாலன்றி இறங்கான் என்பது ஒன்று. இறங்கிய வழியாகவே மேலேறி வருவானேயன்றி, அடிவாரம் அண்மையில் இருப்பினும் கீழே இறங்கிப் போகான் என்பது மற்றொன்று. நீலகிரிப் பகுதியில் மனைவியின் உடன்பிறந்தான் காவல் நிற்கும் வழக்கம் கூறப்படுகிறது. தன் தங்கை கைம்பெண் ஆகும்படி எவனும் கயிற்றை நெகிழவிடான் என்பதே அதன் கருத்து. மலைபடுகடாத்துக் கூத்தன், ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுங்கள் என்றதும் இதுவும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள். உறவு என்பது அங்கே உணர்ச்சி மட்டும் அன்று. அது முடிச்சின் ஒரு பகுதி.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன் முதலான சிறு வன விளைபொருள்களைத் திரட்டும் உரிமையைக் காட்டு மக்களுக்கு ஏற்றுள்ளது. கோத்தகிரியில் 1993 முதல் இயங்கும் கீச்டோன் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் தேன் எடுப்போரிடையே பணி செய்கின்றன. உரிமையைச் சட்டம் தரலாம். எந்தக் கொடி தாங்கும், எந்தக் கொடி தாங்காது என்பதைத் தந்தையோ மாமனோதான் தரவேண்டும். ஒரு தலைமுறை ஏறாதுவிட்டால் அவ்வறிவைப் பின் எந்நூலிலிருந்தும் மீட்டல் அரிது.

விளையாட்டாக ஏறுவோர்

தேனுக்காகவன்றி ஏறுதற்காகவே ஏறும் பாறையேற்றம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பெங்களூரை அடுத்த இராமநகரத்திலும் சாவனதுர்க்கத்திலும் உள்ள கருங்கற் பாறைகள் அவ்விளையாட்டினர்க்கு நன்கு தெரிந்தவை. அவர்தம் முறைகளை நோக்கினால் பழைய நெறிகளே வேறு பொருளில் மீள்வது புலனாகும்.

1953-இல் செருமனியின் எடல்ரிட் நிறுவனம், உட்புரியும் அதனைக் காக்கும் மேலுறையும் கொண்ட செயற்கையிழைக் கயிற்றை உருவாக்கியது. பாறையேற்றத்தில் இன்று வழங்கும் கயிறு அவ்வகையினதே. அதற்கும் முதுமை உண்டு. ஒருமுறையும் பயன்படுத்தாது வைத்திருந்தாலும் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அதனை ஒதுக்கிவிடவேண்டும் என்பது செய்வோர் விதி. மேலுறை புதியது போல் தோன்றும், உட்புரி தளர்ந்திருக்கும். ஆந்தையார் காட்டிய பழைய மால்பு இதுவே அன்றோ? ஏறுவோனின் கயிற்றை மற்றொருவர் கீழே பற்றியிருப்பதும், ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்ப்பதும் அவர்களிடையே மாறாத விதிகள்.

பாறைக்கும் ஓர் அறம் உண்டு. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எஃகு ஆணிகளைப் பிளவுகளில் அடித்து அடித்துப் பிடுங்கியதால் கருங்கல்லே சிதைந்தது. ஆணிகளைச் செய்து விற்றுவந்த இவான் சுவினார்டு என்பவரே 1972-இல் தம் விற்பனைப் பட்டியலில், ஆணியைக் கைவிட்டு, கையால் செருகிக் கையால் எடுக்கத்தக்க ஆப்புகளைக் கொள்ளுமாறு வேண்டினார். வணிகர் ஒருவர் தம் சரக்கையே வேண்டாம் என்றது எண்ணத்தக்கது.

ஆணியால் வந்த வழியும் இகழத்தக்கதன்று. மலைபடுகடாம் கூறும் நவிரமலை இன்றைய பருவதமலை என்று அறிஞர் பலர் கருதுவர். அம்மலையில் கடப்பாறை நெட்டு என வழங்கும் இடத்தில், பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பற்றி வழிபடுவோர் ஏறுகின்றனர். முதியோரும் எளியோரும் உச்சியை அடைய அது உதவுகிறது. யாருக்காக, எதற்காக ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தே பாறையில் எத்துணைத் தழும்பு தகும் என்பது அமையும்.

கவிஞர் கருதவேண்டுவது

1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது, மால்பு என்னும் சொல் அச்சில் நிலைபெற்றது. அகராதியிலும் ஏறியது. சொல் அழியாமல் காக்கப்பட்டது, அது பேருதவி. ஆனால் சொல்லைக் காப்பது பாதிப் பணியே. சொல் சுட்டிய பொருளை அறிந்தவர் இருக்கும்வரை அவரிடம் சென்று கேட்பது மறுபாதி. தேன் எடுக்கும் குடிகளின் பேச்சில் கொடிக்கும் முடிச்சுக்கும் புகைக்கும் வழங்கும் பெயர்களைத் தொகுத்துச் சங்கச் சொற்களோடு ஒப்பிடுவது தமிழ்த்துறை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுக்களம். அதனைத் தாழ்த்தாது செய்தல் வேண்டும்.

இக்காலக் கவிதையில் மலை மிகுதியாகவே வருகிறது. உயர்வுக்கும் உறுதிக்கும் தனிமைக்கும் அது குறியீடாகிறது. குறியீடாவதில் குற்றமில்லை. பெருங்கௌசிகனார் நின்ற இடத்திற்கும் இதற்கும் உள்ள தொலைவை மட்டும் எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் மலையை வியப்பதற்கு முன் கோரைத் தண்டைப் பற்றச் சொன்னார். அவருடைய பாட்டை நம்பி ஒரு கூட்டம் சிறுவர்களோடு அவ்வழியில் நடக்கலாம். அத்தகைய பொறுப்புடன் எழுதப்பட்ட சொல்லில் பொய்க்கு இடமில்லை.

பழைய மால்பு பற்றிய எச்சரிக்கை கவிதைக்கும் பொருந்தும். முன்னோர் ஏறிய உவமை நமக்கும் தாங்கும் என்று நம்பிக் கால் வைப்பது எளிது. நிலவு, தாமரை, கயல் என்று நாட்டப்பட்ட மூங்கில்கள் பல நம்முன் நிற்கின்றன. சில இன்றும் உறுதியானவை; சில உள்ளே அரித்தவை. எடை வைத்து நோக்காமல் ஏறலாகாது. அவ்வாறு நோக்குதற்குத் தனியொரு கவிஞனின் கண் போதாது. கீழே நின்று கயிற்றைப் பற்றியிருக்கும் மற்றொருவர் வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டவும், தளர்ந்த இடத்தைத் தயங்காமல் சுட்டவும் கூடிய கூட்டம் ஒன்று பத்தாண்டு நிலைத்திருப்பது அத்துணைக்காகவே. அது புகழ்ந்துரைக்கும் அவையாக மட்டும் மாறாதவரை, ஏறுவோர்க்கு அச்சம் வேண்டுவதில்லை.

வட்டம் மேன்மேலும் வளர்க.